கோட்டை விடாமல் ஓடிய ரோபோ: ஒரு செமஸ்டரின் பதிவு

போன வெள்ளிக்கிழமை மாலை, தரையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைத் தானாகவே பின்தொடர்ந்து ஓடும் எங்கள் ரோபோ 9.4 மீட்டர் நீளத் தடத்தை ஒரு முறைகூடக் கோட்டை விடாமல் மூன்று சுற்று ஓடி முடித்தது. சுற்றுக்கு 15 வினாடி. செமஸ்டரின் 14ஆம் வாரம் அது. வேலையைத் தொடங்கியது முதல் வாரத்தில். இடையில் இரண்டு அக்ரிலிக் தகடு உடைந்தது, மோட்டாருக்கு மின்சாரத்தை ஏற்றி இறக்கித் தரும் டிரைவர் போர்டு ஒன்று கருகியது, முழுசாக இரண்டு வாரம் தவறான இடத்தில் தேடிக் கழிந்தது. எது எப்போது எப்படிக் கெட்டது என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர். நான் மின்னணுவியல், ஒருவன் இயந்திரவியல், இன்னொருத்தி கணினி. வகுப்புகள் நாலரை மணிக்கு முடியும். கிளப் அறைச் சாவி ஐந்து மணிக்குக் கைக்கு வரும், ஏழரைக்குத் திருப்பித் தர வேண்டும். தடம் விரிக்க இடம் ஒன்றே ஒன்று, அணிகளோ ஐந்து. கணக்குப் பார்த்தால், ரோபோவைத் தடத்தில் ஓட்டிப் பார்க்க எங்களுக்குக் கிடைத்தது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தான். பொருட்களுக்கு ஆன செலவைவிட இந்த நேரம்தான் பெரிய செலவு. அதை எட்டாவது வாரம் வரை நான் உணரவில்லை.

அளவீட்டுக் கருவிகள், மைக்ரோகண்ட்ரோலர், கட்டுப்பாட்டு அமைப்புகள், கணிதம், கூடவே பணிமனைச் செய்முறை: இந்த செமஸ்டரில் எனக்கு இருந்த பாடங்கள் இவை. ரோபோவுக்கு வேண்டியதெல்லாம் இந்தப் பாடங்களுக்குள் இருந்தது. வேண்டிய வாரத்தில்தான் இல்லை. விலகலை அளந்து அதற்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும் பிஐடி கட்டுப்பாடு நான்காவது அலகில் வருகிறது. எங்களுக்கு அது ஆறாவது வாரமே தேவைப்பட்டது.

முதல் வேலை அடித்தகடு. 3 மி.மீ. அக்ரிலிக், 14 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். எம்3 திருகுக்கு 3.2 மி.மீ. பிட்டால் நேராகவே துளை போட்டோம். பிட் அடிப்பக்கம் வெளியே வரும் நொடியில் மூலை சிலும்பாய்ப் பெயர்ந்தது. இரண்டாவது தகட்டுக்கு அடியில் மரக்கட்டை வைத்தோம், துளை சுத்தமாக விழுந்தது. ஆனால் விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளித்தான் போட்டிருந்தோம், திருகை இறுக்கியதும் துளையிலிருந்து விளிம்புக்கு ஒரு கீறல் ஓடியது. பணிமனை சார் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஓட்டைக்கும் ஓரத்துக்கும் நடுவுல ஓட்டையோட ரெண்டு மடங்காவது விடுப்பா. பிட்டைப் போட்டு அழுத்தாத, அதுவா இறங்கட்டும்" என்றார். மூன்றாவது தகட்டில் காகித டேப் ஒட்டி, முதலில் 1.5 மி.மீ. பிட்டால் வழிகாட்டித் துளை போட்டு, பிறகு 3.2ஆல் அகலப்படுத்தினோம். விளிம்பிலிருந்து 8 மி.மீ. விட்டோம். அது இன்றுவரை உடையவில்லை. ஓரங்களை அரத்தால் ராவிய பழக்கம் அந்த வாரப் பணிமனை வகுப்பிலிருந்து வந்தது. இரும்புத் துண்டில் படித்ததை அக்ரிலிக்கில் செய்தேன், அவ்வளவுதான்.

அடுத்தது சென்சார் பட்டை. அகச்சிவப்பு ஒளியை விட்டு, தரையில் பட்டுத் திரும்புவதை அளக்கும் டிசிஆர்டி5000 எட்டு. டாட் போர்டில் துளைக்குத் துளை 2.54 மி.மீ. என்பதால் நான்கு துளைக்கு ஒன்றாக வைத்தோம்; இடைவெளி 10.16 மி.மீ. வரும். தடத்தில் ஒட்டியிருந்த கறுப்பு டேப் 19 மி.மீ. அகலம். ஆக எப்போதும் ஒன்றிரண்டு சென்சார் கோட்டின் மேல் இருக்கும். ரோபோவின் மூளையான ஆர்டுயினோ நானோ போர்டில் அனலாக் உள்ளீடு எட்டுதான் உண்டு, எட்டும் இதற்கே போயின. எல்இடிக்குத் தலா 220 ஓம், ஒளி வாங்கும் பக்கத்துக்கு 10 கிலோ ஓம் என்பது திட்டம். கிளப் அலமாரியில் 10 கிலோ ஓம் தீர்ந்திருந்தது. இருந்த 100 கிலோ ஓமைப் போட்டால் என்ன என்று போட்டேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோனதும் எட்டு சென்சாரும் எல்லாவற்றையும் வெள்ளை என்றே சொன்னது. மின்தடை அவ்வளவு பெரிதாக இருந்தால் அறையில் சிதறிக் கிடக்கும் வெளிச்சமே அதை நிரப்பிவிடுகிறது. ஈயம் உறிஞ்சியை வைத்துக்கொண்டு எட்டையும் பிடுங்கி மாற்ற ஒரு மாலை முழுதும் போனது. இரண்டு இடத்தில் செம்பு வளையம் கையோடு வந்துவிட்டது, அங்கே மெல்லிய ஒயரால் பாலம் போட்டேன்.

உயரத்திலும் ஒரு தவறு. முதலில் பட்டையைத் தரையிலிருந்து 12 மி.மீ. உயரத்தில் மாட்டினோம், மேடு பள்ளத்தில் இடிக்கக் கூடாது என்று. வெள்ளைக்கு 310, கறுப்புக்கு 620 என்று எண் வந்தது. டேட்டாஷீட்டில் 2.5 மி.மீ. தூரத்தில்தான் இது மிக நன்றாக வேலை செய்யும் என்று போட்டிருக்கிறது. 4 மி.மீ.க்கு இறக்கினோம், வெள்ளை 70, கறுப்பு 880. மொத்த அளவே 0 முதல் 1023 வரைதான் என்பதால் இந்த வித்தியாசம் பெரிய வித்தியாசம். இதற்கு ஆன செலவு இரண்டு நீளமான ஸ்பேசர்.

ஆறாவது சென்சார் மட்டும் சில நேரம் துள்ளியது. பட்டையை விரலால் தட்டினால் எண் 70இலிருந்து 900க்குத் தாவும். நிரலில் வடிகட்டி எழுதலாம் என்று கணினிக்காரி தொடங்கிவிட்டாள். கிளப்பில் சீனியர் அக்கா ஒருவர் லென்ஸை எடுத்து நீட்டி, "முதல்ல ஜாயின்டைப் பாரு தம்பி" என்றார். காலைச் சுற்றி ஈயத்தின் மேல் தலைமுடி அளவு ஒரு வட்டக் கீறல். வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கொஞ்சம் ஃப்ளக்ஸ் தடவி, 350 டிகிரியில் இரண்டு வினாடி சூடு காட்டினேன். ஈயம் ஒரு நொடி மங்கலாக நின்று, சட்டென்று கண்ணாடி மாதிரிப் பளபளத்துக் காலைச் சுற்றி வழிந்து அமர்ந்தது. அதற்குப் பிறகு அந்த எண் அசையவில்லை.

நான்காவது வாரம் மோட்டார். என்20 வகை, 6 வோல்ட், 600 ஆர்பிஎம், 43 மி.மீ. சக்கரம். மொத்தச் செலவில் பாதி இந்த இரண்டு மோட்டாருக்கும் இரண்டு 18650 பேட்டரிக்கும்தான். டிரைவராக அலமாரியில் கிடந்த எல்298 போர்டை மாட்டினோம். சக்கரம் சோம்பலாகச் சுற்றியது. பேட்டரி பழசு என்று நினைத்து இரண்டு முறை சார்ஜ் போட்டோம். கடைசியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் பேட்டரி முனையில் 7.6 வோல்ட், மோட்டார் முனையில் 5.5 வோல்ட். நடுவில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் டிரைவரே தின்றுகொண்டிருந்தது. எல்298 பழைய டிரான்சிஸ்டர் வகை, அதன் இயல்பு அது; பெரிய மோட்டாருக்கும் 12 வோல்ட் பேட்டரிக்கும் இது ஒரு பொருட்டில்லை, இரண்டு செல்லில் ஓடும் சின்ன ரோபோவுக்கு அது கால்பங்கு இழப்பு. டிபி6612 போர்டுக்கு மாறினோம். அதில் இருப்பது மாஸ்ஃபெட், இழப்பு 0.1 வோல்ட் அளவுதான். இப்போது மோட்டாருக்கு 7.5 வோல்ட் கிடைத்ததால் நிரலில் வேகத்தின் உச்சவரம்பை 255க்குப் பதில் 200 என்று கட்டினோம், இல்லாவிட்டால் 6 வோல்ட் மோட்டார் தாங்காது.

முதல் டிபி6612 போர்டு மூன்றே நாளில் கருகியது. நான்தான் பேட்டரி இணைப்பை அவசரத்தில் மாற்றிச் செருகினேன். சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் ஒரே மாதிரி இரண்டு துளைப் பெண் இணைப்பில் இருந்தன. எப்படி வேண்டுமானாலும் செருகலாம். புகை வந்தது, அந்த வாசனை மறுநாள் வரை அறையில் இருந்தது. அடுத்த போர்டுக்கு முன்னால், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்5822 டயோடு ஒன்று வைத்தேன். 0.3, 0.4 வோல்ட் அதில் போகும், போகட்டும். இணைப்பையும் ஒரு பக்கம் மட்டுமே நுழையும் வகையாக மாற்றினேன்.

அதற்குள் ஐந்தாவது வாரம், முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு. ஒரு வாரம் யாரும் கிளப் பக்கம் போகவில்லை. தேர்வு முடிந்த சனிக்கிழமை முதலாண்டு மாணவர்களுக்கு சால்டரிங் பயிற்சி நடத்த வேண்டியது எங்கள் அணியின் பொறுப்பு. 24 பேர், ஆறு அயர்ன். 555 ஐசியை வைத்து எல்இடியை மினுக்கும் சுற்று: 1 கிலோ ஓம், 47 கிலோ ஓம், 10 மைக்ரோ ஃபாரட். வினாடிக்கு ஒன்றரை முறை மினுக்க வேண்டும். 24இல் 17 உடனே மினுங்கின. மீதி ஏழில் நான்கு கெபாசிட்டர் திருப்பி வைத்தது, மூன்று ஈயம் சரியாகப் பிடிக்காதது. என் ஆறாவது சென்சார் அனுபவம் கையில் புதிதாக இருந்ததால் அந்த மூன்றையும் லென்ஸில் பார்த்ததுமே பிடித்துவிட்டேன். ஒரு தம்பி தன் சுற்று மினுங்கியதும் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு மதியம் வரை கீழே வைக்கவில்லை. அந்த நாள் ரோபோ வேலையில் ஒரு மணி நேரம்கூட நகரவில்லை. இருந்தும் இந்த செமஸ்டரில் நான் மிகவும் விரும்பிய நாள் அதுதான்.

ஆறாவது வாரத்திலிருந்து ஓட்டம். எட்டு சென்சாரின் எண்களுக்கும் 0, 1000, 2000 என்று 7000 வரை எடை கொடுத்து, சராசரி எடுத்தால் கோடு எங்கே இருக்கிறது என்று ஓர் எண் வரும். 3500 என்றால் நடுவில். அதிலிருந்து எவ்வளவு விலகல் என்பதே பிழை. பிழையை பி மதிப்பால் பெருக்கி, பிழை எவ்வளவு மாறியது என்பதை டி மதிப்பால் பெருக்கி, இரண்டையும் கூட்டி ஒரு சக்கரத்தில் சேர்த்து மறு சக்கரத்தில் கழிப்பது. ஐ பகுதியை நாங்கள் தொடவே இல்லை. பி 0.05, டி 0.15இல் ரோபோ வினாடிக்கு 30 செ.மீ. வேகத்தில் அழகாகப் போனது. எட்டாவது வாரம் அது. வேலை முடிந்தது என்றே நினைத்தோம்.

வேகத்தைக் கூட்டினோம். வினாடிக்கு 60 செ.மீ. வந்ததும் வளைவில் கோட்டைத் தாண்டிப் போய்விடும். தாண்டிய பிறகுதான் திரும்பவே பார்க்கும். பி மதிப்பைக் கூட்டினோம், நேர்கோட்டில் ஆடியது. டி மதிப்பைக் கூட்டினோம், உதறியது. சென்சார் பட்டையை 3 செ.மீ. முன்னே தள்ளினோம், சற்றுத் தேவலை. டயரைத் துடைத்தோம். பேட்டரியை நடுவில் நகர்த்தினோம். எடையை 310 கிராமிலிருந்து 265 கிராமுக்குக் குறைத்தோம். இப்படியே ஒன்பதாவது, பத்தாவது வாரங்கள் போயின. வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஐந்து மணி நேரம் இதில் கரைந்தது. நடுநடுவே நானோ தானாகவே ரீசெட் ஆகி நின்றது வேறு. அதற்குக் காரணம் சீக்கிரமே தெரிந்தது: சக்கரம் சட்டென்று எதிர்ப்பக்கம் சுற்றும்போது மின்னழுத்தம் சரிகிறது. டிரைவர் பக்கத்தில் 470 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும், ஒவ்வொரு மோட்டார் முனையிலும் 100 நானோ ஃபாரட் ஒன்றும் வைத்ததும் நின்றது.

11ஆம் வாரம் அளவீட்டுச் செய்முறை வகுப்பில், மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப். சதுர அலையின் கால அளவை எடுத்து ரெக்கார்ட் நோட்டில் வரைய வேண்டும். கொடுத்த சிக்னல் ஜெனரேட்டரில் அளந்து முடித்ததும் கால் மணி நேரம் மீதி இருந்தது. ரோபோ பையிலேயே இருந்தது. சாரிடம் கேட்டேன்: "சார், என் போர்டுல ஒண்ணு பார்க்கலாமா?" "தாராளமா பாரு. கிரவுண்ட் கிளிப்பை மட்டும் முதல்ல மாட்டிடு" என்றார். நிரல் சென்சாரைப் படித்துச் சக்கர வேகத்தை மாற்றும் ஒவ்வொரு சுற்றிலும் நானோவின் 13ஆம் பின்னை மாற்றி மாற்றி ஏற்றி இறக்க ஒரு வரி சேர்த்தேன். புரோபை வைத்தேன்.

திரையில் சதுர அலை வரவே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கோடு மேலே போய் அப்படியே நின்றது. வினாடியில் ஆயிரம் முறையாவது சுற்றும் என்ற எண்ணத்தில் கட்டத்துக்கு 1 மில்லி வினாடி என்று வைத்திருந்தேன். சார் எட்டி அந்தக் குமிழை 5, 10, 20 என்று திருப்பினார். 20இல் அலை முழுதாகத் தெரிந்தது. ஏறி இறங்கி மீண்டும் ஏற 82 மில்லி வினாடி. அந்த 13ஆம் பின் ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் மாறுகிறது, ஆக ஒரு சுற்றுக்கு 41 மில்லி வினாடி.

அந்த எண்ணை நோட்டின் ஓரத்தில் எழுதி, வினாடிக்கு 60 செ.மீ. என்பதால் பெருக்கினேன். 2.46 செ.மீ. டேப்பின் அகலம் 1.9 செ.மீ. அதாவது ரோபோ ஒரு முறை பார்த்துவிட்டு மறுமுறை பார்ப்பதற்குள் கோட்டின் அகலத்தைவிட அதிகத் தூரம் கண்ணை மூடிக்கொண்டு போயிருக்கிறது. பியையும் டியையும் எப்படித் திருகினாலும் இது சரியாகியிருக்காது.

எங்கே போகிறது 41 மில்லி வினாடி? எட்டு சென்சாரைப் படிக்க ஒரு மில்லி வினாடிகூட ஆகாது. மீதி எல்லாம் திரையில் எண்களைப் பார்ப்பதற்காக நாங்களே எழுதி வைத்த சீரியல் பிரின்ட் வரிகள். எட்டு சென்சார், பிழை, இரண்டு மோட்டார் வேகம், காற்புள்ளிகள் எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்குச் சுமார் 40 எழுத்து. 9600 பாட் வேகத்தில், அதாவது வினாடிக்கு 9600 பிட், ஓர் எழுத்துக்குப் பத்து பிட், வினாடிக்கு 960 எழுத்து. 40 எழுத்து போய்ச் சேர 41, 42 மில்லி வினாடி. அனுப்புவதற்கான இடம் 64 எழுத்துதான். அது நிரம்பியதும் நிரல் அங்கேயே நின்று காத்திருக்கிறது. மைக்ரோகண்ட்ரோலர் பாடத்தில் இந்த பாட் கணக்கை மூன்றாவது வாரமே போட்டு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

அன்று மாலையே பிரின்ட் வரிகளை எடுத்துவிட்டோம். சுற்று 1.3 மில்லி வினாடிக்கு வந்தது. தடத்தில் விட்டால் பாம்பு மாதிரி இடதும் வலதுமாக நெளிந்தது! முன்பைவிட மோசம். பிரின்ட் வரிகளைத் திரும்பச் சேர்த்துவிடலாமா என்றுகூடப் பேசினோம். பதில் கட்டுப்பாட்டு அமைப்புகள் வகுப்பில் கிடைத்தது. நான்காவது அலகு அந்த வாரம்தான் தொடங்கியது. டி பகுதி என்பது மாற்றத்தை நேரத்தால் வகுத்தது என்று பலகையில் எழுதினார்கள். எங்கள் நிரலில் நேரத்தால் வகுக்கவே இல்லை. இந்தப் பிழையில் போன பிழையைக் கழித்தோம், அவ்வளவே. 41 மில்லி வினாடியில் பெரிதாகத் தெரிந்த மாற்றம் 1.3 மில்லி வினாடியில் ஏறக்குறைய முப்பதில் ஒன்றாகிவிட்டது. அதே 0.15 இருந்தும் டி இல்லாத மாதிரிதான்.

சுற்றை மைக்ரோ வினாடி எண்ணிக்கையை வைத்துச் சரியாக 5 மில்லி வினாடிக்குப் பூட்டினோம். 41ஐ 5ஆல் வகுத்தால் 8.2, 0.15ஐ அதனால் பெருக்கி 1.23இல் தொடங்கினோம். கொஞ்சம் உதறியது. 0.9இல் நின்றது. பி அதே 0.05. வினாடிக்கு 60 செ.மீ. வேகத்தில் முதல் வளைவை எடுத்தபோது மூவரும் ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது வளைவையும் எடுத்த பிறகுதான் யாரோ கை தட்டினார்கள்.

இன்னொரு சிக்கல் மீதி இருந்தது. நாங்கள் ஓட்டியதெல்லாம் மாலையில், டியூப் லைட் வெளிச்சத்தில். கிளப்பின் இறுதி ஓட்டம் நாலரை மணிக்கு, மேற்கு ஜன்னல் உள்ள கூடத்தில். முந்தின நாள் அங்கே போய் வைத்துப் பார்த்தால் கறுப்பு டேப்பே 880க்குப் பதில் 400 காட்டியது, வெயிலில் அகச்சிவப்பு அவ்வளவு இருக்கிறது. கறுப்பு அட்டையை வெட்டிப் பட்டையைச் சுற்றிப் பாவாடை மாதிரி ஒட்டினோம், தரைக்கு 2 மி.மீ. மேலே வரை. 810க்கு ஏறியது. கூடவே, ஓட்டத்துக்கு முன் ரோபோ கோட்டின் மேல் மூன்று வினாடி இப்படியும் அப்படியும் திரும்பி அந்த இடத்தின் கறுப்பு வெள்ளையைத் தானே அளந்துகொள்ளும்படி கணினிக்காரி நிரலை மாற்றினாள். வெள்ளிக்கிழமை ஓடியது இப்படித்தான். முதல் சுற்று 15.2, அடுத்தது 15.0, கடைசி 15.1 வினாடி.

அடுத்த செமஸ்டரில் தொடக்கத்திலேயே டிபி6612தான். எல்298ஐத் தேடிப் போக மாட்டேன். சக்கரத்தில் அது சுற்றும் அளவை எண்ணும் என்கோடர் வைக்க வேண்டும், பேட்டரி இறங்க இறங்க வேகம் குறைவது இப்போதும் இருக்கிறது. பிரின்ட் வேண்டுமென்றால் 115200 பாட், அதுவும் இருபது சுற்றுக்கு ஒரு முறை. தேர்வு வாரங்களை முதல் நாளே அட்டவணையில் அடித்துவிட வேண்டும். தடம் கிடைக்காத நாட்களில் செய்யக்கூடிய வேலை எது என்று தனியாக ஒரு பட்டியலும் வேண்டும். சால்டரிங், எடை குறைப்பு, அளவு எடுப்பது எதற்கும் தடம் தேவையில்லை.

13ஆம் பின்னிலும் கிரவுண்டிலும் இப்போது இரண்டு நிமிர்ந்த முட்களை சால்டர் செய்து விட்டிருக்கிறேன். புரோபை நேராக அங்கே மாட்டலாம். பக்கத்தில் அடித்தகட்டில் நிரந்தர மையால் "சுற்று: 5 மி.வி." என்று எழுதியிருக்கிறது.